துரை கேட்ட தண்ணீர்

ஜூன் 4

தம்பிக்கு,

உன் மகள் என் காப்பகத்தில் ஒரு குழந்தையைத் தாகத்தோடு உட்காரவைத்து, தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். இதுதான் நடந்த தவறு. இன்னொரு முறை படித்துவிட்டு மேலே போ.

நான் நலம். முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உன் இடுப்பு வலி எப்படி? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது.

வருடத் தொடக்கத்தில் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு திட்டம் வந்தது. பேச்சு வராத, வளர்ச்சி வேறுமாதிரி இருக்கிற குழந்தைகளைத் தனி அறைக்குக் கூட்டிப் போகாமல், காப்பகத்திலேயே, மற்றப் பிள்ளைகளோடு சாப்பிடும்போதும் கை கழுவும்போதும் விளையாடும்போதும் பயிற்சி கொடுப்பார்களாம். பயிற்சிக்காரியாக இங்கே வந்தவள் உன் மகள். வேறு யாரோ வருவதற்கு அவளே வரட்டும் என்று நான்தான் கேட்டு வாங்கினேன். என் தலையெழுத்து.

பையனுக்கு நான் வைத்த பெயர் துரை. நாலு வயது முடியப் போகிறது, ஒரு சொல் வரவில்லை. எதையும் கேட்கமாட்டான். துரை அவர்கள் உட்கார்ந்திருப்பார், நாம்தான் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். அவன் அம்மா பஸ் கண்டக்டர். காலை ஷிப்டு முடிந்து, டிக்கெட் பையைத் தோளிலிருந்து இறக்காமலே கூட்டிப் போக வருவாள்.

போன வெள்ளிக்கிழமை பெற்றோரெல்லாம் வாசலில் நிற்கும் நேரம். துரை பாயில் உட்கார்ந்திருக்கிறான். எதிரே உன் மகள், அவனுடைய நீல டம்ளரைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தராமல், பேசாமல், அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னடி பண்ற? பிள்ளை நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கு!" என்றேன்.

"அத்தை, ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் பேசாம இருங்க."

"என் இடத்துல என்னையே பேசாம இருக்கச் சொல்றியா? பிள்ளைய ஏங்கவிட்டுப் பார்க்குறதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு பட்டம்! பையை எடுத்துக்கிட்டு வெளிய போ."

போய்விட்டாள். எல்லார் முன்னிலும் என்னை அடக்கப் பார்த்ததற்கு அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீ சொன்னால் கேட்பாள்.

வெயிலில் அலையாதே.

உன் அக்கா


ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. இடுப்பு பரவாயில்லை. லிப்ட் பழுதுபார்க்கக் குழிக்குள் இறங்கி ஏறினால்தான் வலிக்கிறது. மற்றபடி நலம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. படி ஏறுவதைக் காப்பகத்து ஆயாவிடம் விட்டுவிடு.

மகளிடம் போனில் கேட்டேன். "அத்தையிடமே கேளுங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். அதனால் உன்னிடமே ஒன்று கேட்கிறேன். அவள் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நீ சத்தம் போட்டாய். சரி. அந்த நேரத்தில் அந்தப் பையன் என்ன செய்துகொண்டிருந்தான்? அதை நீ எழுதவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தம்பி


ஜூன் 30

தம்பிக்கு,

நலம். ஒத்தடம் கொடுத்தேன், தோல் சிவந்ததுதான் மிச்சம். நீ இன்னும் குழிக்குள் இறங்குகிறாயா? சின்னப் பையன்களை இறக்கிவிட்டு மேலே நின்று அதட்ட உனக்குத் தெரியாதா? அதட்டுவதை என்னிடமிருந்தாவது கற்றிருக்கலாம்.

எனக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. உனக்கு மீசை முளைக்கும் முன்பே இந்தக் கூடத்தில் பாய் விரித்தவள் நான். அழுகையைக் கேட்டே பசியா, தூக்கமா, காதுவலியா என்று சொல்வேன். ஒரு குழந்தை அலமாரியை எட்டிப் பார்ப்பதற்குள் அதற்கு வேண்டியது என் கையில் இருக்கும். என் காப்பகத்தில் எந்தக் குழந்தையும் வாய்விட்டுக் கேட்டு நிற்கவேண்டி வந்ததில்லை. இதை இந்தத் தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரி.

உன் மகள் வந்த முதல் நாளே என்ன சொன்னாள் தெரியுமா? "அத்தை, நீங்க ரொம்ப சீக்கிரம் கொடுத்துடுறீங்க. அவன் கேட்க இடமே இல்ல." குழந்தைக்குச் சீக்கிரம் கொடுப்பது குற்றமாம்! பொம்மைப் பெட்டியை இறுக்கி மூடிவைப்பாள், அவன் திறக்கச் சொல்லி வரவேண்டுமாம். ஊஞ்சலை ஆட்டிக்கொண்டே இருந்துவிட்டுச் சட்டென்று நிறுத்துவாள், அவன் 'இன்னும்' என்று எப்படியாவது காட்டவேண்டுமாம். கையால் காட்டினாலும் போதும், கண்ணால் காட்டினாலும் போதும் என்பாள். ஆயாவுக்கும் இதைக் கற்றுக்கொடுத்தாள். ஆயா என் முதுகுக்குப் பின்னால் அவளோடு சேர்ந்துகொண்டாள் என்பது எனக்குத் தெரியாதா?

துரையை அவன் அம்மா அதற்குப் பிறகு கூட்டி வரவில்லை. பாவம், பயந்திருப்பாள். இப்படிச் செய்தால் எந்தத் தாய்தான் விடுவாள்? இன்னொரு காப்பகத்தில் இதே கூத்து நடக்கக்கூடாது என்று அலுவலகத்துக்கும் நாலு வரி எழுதிப் போட்டேன்.

மன்னிப்புக் கடிதம் இன்னும் வரவில்லை.

உன் அக்கா


ஜூலை 27

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

இங்கு எல்லோரும் நலம். உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

வேலை அதிகம். லிப்ட் கதவு வேகமாக மூடுகிறது என்று ஒரு கட்டடத்திலிருந்து தினமும் புகார். ஆள் உள்ளே வரும்வரை கதவைக் கொஞ்சம் பொறுக்கவைப்பதுதான் என் தொழிலில் பாதி. அதற்கு இவ்வளவு பேர் கூப்பிடுவார்கள் என்று வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் தெரியாது.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. பையன் என்ன செய்துகொண்டிருந்தான்?

இப்படிக்கு,
தம்பி


ஆகஸ்ட் 5

தம்பிக்கு,

அது என்ன 'நீங்கள்'? 'அவர்கள்'? நான் என்ன உன் கட்டடச் சொந்தக்காரியா? கோபம் என்றால் நாலு திட்டு எழுது. மரியாதை எழுதாதே.

'எல்லோரும் நலம்' என்று எழுதியிருக்கிறாய். நீ, உன் மனைவி. இரண்டு பேருக்கு 'இருவரும்' என்றுதானே எழுதுவாய்? உன் மகள் அங்கேயா இருக்கிறாள்? இந்த ஊரில் அவள் தங்கியிருந்த விடுதிக்கு, சும்மாதான், அந்தப் பக்கம் போன வழியில் போனேன். கட்டிலைக் காலி செய்துவிட்டாள் என்றார்கள். ஏன் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நானும் தெரிந்துகொள்ளாததுபோல வந்துவிட்டேன்.

முழங்கால் மருத்துவரைப் பார்க்கப் பஸ் ஏறினேன். கண்டக்டர் யார் என்று நினைக்கிறாய்? துரையின் அம்மா. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தாள். நான் விடுவேனா?

"பிள்ளையை ஏம்மா அனுப்பல? அதான் அந்தப் பொண்ணை விரட்டியாச்சே. இனிமே பயமில்ல."

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். "யாருக்கும்மா பயம்? டீச்சர் இருந்ததாலதான் அனுப்பினேன். பக்கத்து வீட்டுல விட்டுட்டு வர்றேன். டிவி முன்னாடி உட்கார வெச்சிடுறாங்க. அடுத்த வருஷம் தூரத்துல ஒரு விடுதி இருக்காம், அங்க சேர்க்கலாம்னு வீட்டுக்காரர் சொல்றாரு. இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னே தனியா இடமாம். யாருக்கும் தொந்தரவு இல்லையாம்."

"நாலு வயசுப் பிள்ளையையா?"

"அன்னைக்கு வாசல்ல அத்தனை பேரு முன்னாடி நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்காம்மா? 'இவனுக்கு என்ன புரியப்போகுதுன்னு இவன்கிட்ட விளையாடுற'ன்னீங்க. அதுக்கப்புறம் நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அவனைக் கூட்டிட்டு வருவேன்? டீச்சர் வந்த பிறகு வீட்டுல என் சேலையைப் பிடிச்சு இழுக்க ஆரம்பிச்சிருந்தான். தெரியுமா உங்களுக்கு?"

யாரோ மணியடிக்கச் சொன்னார்கள். அவள் மணியடித்தாள். மருத்துவமனை நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது, நான் இறங்கவில்லை. பஸ் கடைசியில் நிற்கும் இடம்வரை போய், அதே பஸ்ஸில் உட்கார்ந்து திரும்பி வந்தேன். திரும்பும்போது அவளே வந்து பக்கத்தில் ஒரு டிக்கெட்டை வைத்துவிட்டுப் போனாள்.

அந்த வார்த்தையை உனக்கு எழுதிய முதல் கடிதத்தில் நான் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

உன் அக்கா


செப்டம்பர் 2

தம்பிக்கு,

பதில் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டால் சைக்கிளை எதிர்ப் பக்கம் ஓட்டுகிறார். நலமாக இருக்கிறாயா என்று மட்டும் ஒரு வரி எழுதினால் போதும்.

இங்கே ஒரு சங்கதி. புதிதாக ஒரு பெண் குழந்தை சேர்ந்திருக்கிறது. இரண்டு வயதைத் தாண்டிவிட்டது, பேச்சு மெதுவாக வருகிறது. சும்மா, உன் மகள் செய்த கூத்தை நானும் ஒருமுறை செய்து பார்க்கலாமே என்று பந்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது என்னைப் பார்க்கும்வரை தரக்கூடாது. அவ்வளவுதானே? என்ன பெரிய வித்தை?

முடியவில்லை. அது தலையைத் திருப்புவதற்குள் என் கை நீண்டுவிட்டது. மறுபடியும் உட்கார்ந்தேன். மறுபடியும் கை போய்விட்டது.

ஆயா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "உங்க கையை முந்தானையால கட்டிப் போடணும் பெரியம்மா" என்றாள். "டீச்சர் மனசுக்குள்ள ஒரு பாட்டு பாடுவாங்க. பாட்டு முடியிறவரைக்கும் அசைய மாட்டாங்க."

"எனக்கு எந்தப் பாட்டும் தெரியாது."

"அதான் தெரியுதே" என்று உள்ளே போய்விட்டாள். அவளுக்கு வாய் நீண்டுபோயிற்று. ஆனால் பார், நான் திட்டவில்லை.

எழுது.

உன் அக்கா


செப்டம்பர் 24

அக்காவுக்கு,

எழுதவேண்டாம் என்று மகள் கேட்டுக்கொண்டதால் இவ்வளவு நாள் எழுதவில்லை. இனி முடியாது. திட்டச் சொன்னாய். கேட்டுக்கொள்.

நீ அலுவலகத்துக்குப் போட்ட நாலு வரியில் 'குழந்தையைத் தாகத்தில் வாட்டினாள்' என்று இருந்ததாம். காப்பகம் நடத்துகிறவளே, அதுவும் சொந்த அத்தையே எழுதியிருக்கும்போது வேறு சாட்சி எதற்கு என்று, அவள் போய்வந்த எல்லாக் காப்பகங்களிலிருந்தும் அவளை நிறுத்திவிட்டார்கள். விசாரணையில் அவள் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு செருப்புக் கடையில் நிற்கிறாள். வருகிற ஆளின் காலைப் பார்த்தே அளவைச் சொல்லிவிடுகிறாளாம், முதலாளி புகழ்கிறார். அதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

கடைசி முறையாகக் கேட்கிறேன். அந்தப் பையன் என்ன செய்துகொண்டிருந்தான்? உனக்குப் பதில் எழுத மனமில்லையென்றால் கடிதமே எழுதவேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். அது கோபத்திலும் சொல்லவேண்டியதுதானே.

தம்பி


அக்டோபர் 9

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் தகுதி இன்று எனக்கில்லை. நேராகவே எழுதுகிறேன்.

அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

உன் மகள் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, துரை வலது கையைத் தூக்கி அவள் மணிக்கட்டில் வைத்தான். டம்ளரில் இல்லை, மணிக்கட்டில். பிறகு முகத்தை நிமிர்த்தி அவள் கண்ணைப் பார்த்தான். உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டு, ஏதோ ஒரு சத்தம் கிளம்புவதற்கு முன்னால் குழந்தைகளின் கன்னம் உப்புமே, அதுபோல உப்பியது. நான் கூடத்தின் நடுவில் நின்று நன்றாகப் பார்த்தேன். என் கண்ணில் குறையில்லை. அப்போதுதான் கத்தினேன்.

அவன் கை கீழே விழுந்தது. காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான்.

நான் அத்தனை நாளாக அவனுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். ஒரு நாளும் என் முகத்தை அவன் பார்த்ததில்லை. டம்ளரைப் பார்ப்பான், குடிப்பான், திரும்பிக்கொள்வான். அவன் அப்படித்தான், அவனால் முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். முடியும் என்று தெரிந்த அந்த நொடியில், அந்தப் பார்வை எனக்குக் கிடைக்கவில்லையே என்றுதான் எனக்கு இருந்தது. சந்தோஷம் வரவில்லை. இந்த வயதில் ஒரு சின்னப் பெண்மேல் எனக்கு வயிற்றெரிச்சல். எழுதும்போதே காது சுடுகிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை மூடினால் முதல் கடிதத்தைப் போலவே ஆகிவிடும்.

அவனுக்குத் தாகமே இல்லை.

உன் மகள் பயிற்சிக்கு உட்காருவதற்கு முன்னால், ஒவ்வொரு முறையும், நான் அவனை அடுப்படிக்குக் கூட்டிப்போய் வயிறு முட்டத் தண்ணீர் கொடுத்துவிடுவேன். பிள்ளை வாடக்கூடாது என்றுதான் ஆரம்பத்தில் கொடுத்தேன். பிறகு, அவள் பயிற்சி பலிக்கக்கூடாது என்றும் கொடுத்திருக்கிறேன் போலிருக்கிறது. அன்றைக்கும் கொடுத்தேன். அப்படியிருந்தும் அவன் கை நீட்டினான். தாகமில்லாத பையன் எதைக் கேட்டான், சொல். அவளைத்தான் கேட்டான். தன்னைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே, அதற்குப் பதில் சொன்னான். நான் அதைத் தாகம் என்று அலுவலகத்துக்கு எழுதினேன்.

இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு. நீ படித்துச் சொல்லாதே. நீ மென்மையாக்கிவிடுவாய்.

அக்கா


அக்டோபர் 23

அத்தைக்கு,

நலம். உங்கள் முழங்கால் இன்னும் படியில் தகராறு செய்வதாக அப்பா சொன்னார். மருத்துவரை இன்னும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பார்த்திருந்தால் அவரைப் பற்றியும் ஒரு புகார் வந்திருக்கும்.

தண்ணீர் விஷயம் எனக்குத் தெரியும். உங்களோடு அடுப்படிக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் அவன் சட்டை நனைந்திருக்கும். கொடுக்கட்டும் என்று விட்டேன். தாகத்தில் கேட்கவைக்க எனக்கும் விருப்பமில்லை. விளையாட்டாகத்தான் கேட்க வேண்டும். அதை உங்களிடம் வாய்திறந்து சொல்லாதது என் தப்பு. சொன்னால் கத்துவீர்கள் என்று பயந்தேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. கடையில் ஒரு சின்னப் பையன் ஷூவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தால்கூட எனக்கு அந்த வெள்ளிக்கிழமைதான் வருகிறது. அவன் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். 'ம்' என்றா, 'மா' என்றா? அது எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

அவனைத் தூரத்து விடுதிக்கு அனுப்பப் போகிறார்கள் என்று அப்பா சொன்னார். என்னைப் பற்றி விடுங்கள். அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்? அதை எழுதுங்கள்.

மருமகள்


நவம்பர் 6

என் மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மன்னிப்பு வரவில்லையென்றால் வரவழைக்காதே. பொய்யாக ஒன்று எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் நலம், முழங்காலைப் பற்றிப் பேச்சில்லை.

நேற்று துரையின் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. படிப்படியாக உட்கார்ந்து ஏறினேன். அவன் அம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். வெளியிலேயே நின்று, உன் அப்பாவுக்கு எழுதியதையெல்லாம் அவளிடம் சொன்னேன். எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். விரட்டியபோதும் சத்தமாகத்தானே விரட்டினேன். 'இவனுக்கு என்ன புரியும்' என்று நான் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். அவள் அழவுமில்லை, உள்ளே கூப்பிடவுமில்லை. "டீச்சர் வந்தா அனுப்புறேன். நீங்க மட்டும்னா அனுப்ப மாட்டேன்" என்றாள். நியாயம்தான். விடுதிக்குப் பணம் கட்டுவதைப் பள்ளி விடுமுறைவரை தள்ளிப்போட வீட்டுக்காரரிடம் பேசுவதாகச் சொன்னாள். கதவிடுக்கில் துரை தெரிந்தான். என்னைக் கண்டதும் காதைப் பொத்திக்கொண்டான்.

நீ கேட்டதற்குப் பதில் இனி. இதன் நகல் உன் அப்பாவுக்கும் போகிறது.

அலுவலகத்துக்கு நான் எழுதிய நாலு வரியும் பொய் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். செய்யவேண்டியது நான். தபாலில் போடமாட்டேன், நேரில் போய் அதிகாரி முன்னால் வாசிப்பேன்.

அவர்கள் உன்னை எல்லாக் காப்பகங்களுக்கும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இது அலுவலகத்தின் வேலை. தள்ளிப்போட்டால் தினமும் அந்த வாசலில் உட்காருவேன். என் வாயைப் பற்றி அவர்களுக்குச் சொல்லிவை.

திட்டம் இங்கே மறுபடி தொடங்கினால் பயிற்சி கூடத்தின் நடுவில்தான் நடக்க வேண்டும், எல்லாப் பிள்ளைகளோடும். பாய் எங்கே விரிப்பது என்று சொல்லவேண்டியவள் பயிற்சிக்கு வருகிறவள். ஆனால் செருப்போடு கூடத்துக்குள் வரக்கூடாது. அதில் மாற்றமில்லை, பட்டம் வாங்கியவளாக இருந்தாலும்.

பயிற்சி நேரத்தில் நான் அடுப்படியில் இருக்க வேண்டும். என்னை அங்கே பிடித்து வைக்கவேண்டியவள் ஆயா. அவளிடம் சொல்லிவிட்டேன். ரொம்பவும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டாள்.

துரைக்குப் பிறகு அடுத்ததாகப் பயிற்சி எனக்கு. அந்தப் பாட்டைச் சொல்லித்தர வேண்டும். அது உன் வேலை, உனக்கு மனமிருந்தால்.

வாசலில் நிற்கும் பெற்றோரிடம், அன்றைக்கு அந்தப் பையன் கேட்டான் என்று சொல்ல வேண்டும். நான், ஒவ்வொருவரிடமும், அவர்கள் வேலைக்குப் போகிற அவசரத்தில் இருந்தாலும்.

உன் அப்பா மறுபடி 'அன்புள்ள அக்காவுக்கு' என்று எழுத வேண்டும்.

நீ திரும்பி வரவேண்டுமா என்பதை முடிவு செய்யவேண்டியவள் நீ. அதை நான் எழுதமுடியாது. நீல டம்ளர் அலமாரியில் அதே தட்டில்தான் இருக்கிறது.

அவன் ஒருநாள் என் கையைத் தொட்டாலும், தொடாமலே போனாலும், அசையாமல் காத்திருக்க வேண்டியவள் நான்.